அப்போஸ்தலர் தீவுகள்: கடற்குகையும் கலங்கரை விளக்கமும் பார்க்க முதல்முறை போகிறவர்களுக்கு

'ஏரி' என்ற சொல்தான் இங்கே முதல் சிக்கல். நமக்கு ஏரி என்றால் வீராணம், செம்பரம்பாக்கம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வடகோடியில் இருக்கும் சுப்பீரியர் ஏரியோ சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவு. அலை, மூடுபனி, புயல் எல்லாம் உண்டு. உப்பு மட்டும்தான் இல்லை. இதைக் கடல் என்று நினைத்துத் திட்டமிடுங்கள், பாதிச் சிக்கல் அப்போதே தீர்ந்துவிடும்.

அந்த ஏரியின் தென்கரையில் 21 தீவுகளும் 12 மைல் நிலக்கரையும் சேர்ந்த பாதுகாக்கப்பட்ட பகுதிதான் அப்போஸ்தலர் தீவுகள் தேசிய ஏரிக்கரை. வழிப்பலகைகளில் 'அபாஸல் ஐலண்ட்ஸ்' என்றிருக்கும். எல்லாவற்றுக்கும் தொடக்கப்புள்ளி பேஃபீல்டு என்ற சின்ன ஊர். நிரந்தரமாக வசிப்பவர்கள் 600 பேர்கூட இல்லை. கோடையில் அறை கிடைக்காமல் போவதற்குக் காரணம் அதுதான்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை நல்ல காலம். மே, ஜூன் மாதங்களில் வெயில் அடிக்கும், டி-சட்டை போட்டு நிற்கலாம். ஆனால் தண்ணீர் 5 முதல் 10 டிகிரி செல்சியஸில்தான் இருக்கும். ஏமாறுகிற இடம் இதுதான். காற்றின் சூட்டை வைத்துத் தண்ணீரை அளக்காதீர்கள். ஆகஸ்டில் ஆழம் குறைந்த விரிகுடாக்களில் குளிக்கிற அளவுக்குச் சூடாகும். செப்டம்பர் பாதிக்கு மேல் வானிலை சட்டென்று மாறும். இலையுதிர் காலப் புயல்கள் தொடங்கிவிடும்.

அக்டோபர் முதல் வார இறுதியில் பேஃபீல்டில் ஆப்பிள் திருவிழா. அதற்காகவே வருவதென்றால் சரி. தீவு பார்க்க வருவதென்றால் அந்த வாரத்தைத் தவிருங்கள். அறைவாடகை ஏறியிருக்கும், ஊருக்குள் வண்டி நிறுத்த இடம் இருக்காது.

பூச்சியையும் கணக்கில் வையுங்கள். ஜூன், ஜூலையில் கொசு. அதைவிடக் கொடுமை கடி ஈ. பார்க்க வீட்டு ஈ மாதிரியே இருக்கும். தெற்குக் காற்று வீசும் நாட்களில் மணல் கரைக்கு வந்து கணுக்காலைத்தான் தேடிக் கடிக்கும். மெல்லிய சாக்ஸ் வழியாகவும் கடிக்கும். கொசு மருந்துக்கு அவ்வளவாக அஞ்சாது. நீளக் கால்சட்டையும் தடித்த சாக்ஸும்தான் வழி.

2. எத்தனை நாள்? ஒரு நாளைச் சும்மா விடுங்கள்

கப்பல் பயணம் மட்டும் என்றால் இரண்டு நாள். கயாக்கும், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகும், சேர்த்தால் மூன்று. தீவில் கூடாரம் என்றால் நான்கு. எந்தக் கணக்கிலும் ஒரு நாள் எதற்கும் ஒதுக்காமல் இருக்க வேண்டும், ஏனென்றால் காற்று எழுந்தால் அன்றைக்கு எந்தப் படகும் போகாது. சனிக்கிழமை கயாக், ஞாயிறு காலை விமானம் என்று டிக்கெட் எடுத்தவர்கள்தான் சனிக்கிழமை அலையைப் பார்த்தும் துணிந்து இறங்குகிறார்கள். அந்த நெருக்கடியை நீங்களே உண்டாக்கிக்கொள்ளாதீர்கள்.

3. முன்பதிவு, இந்த வரிசையில்

முதலில் அறை. ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிக்கு மூன்று, நான்கு மாதம் முன்பே பாருங்கள். பேஃபீல்டில் இல்லையென்றால் வாஷ்பர்ன், அதுவும் இல்லையென்றால் 23 மைல் தள்ளியிருக்கும் ஆஷ்லண்டு. ஆஷ்லண்டில் வாடகையும் குறைவு, பெரிய மளிகைக் கடையும் உண்டு.

அடுத்து வழிகாட்டியோடு போகும் கயாக் பயணம். கோடை வார இறுதிக்கு ஒரு மாதமாவது முன்பு. அதன் பிறகு கப்பல். ஒரு வாரம் முன்பு போட்டால்கூடப் பெரும்பாலும் கிடைக்கும்.

தீவில் கூடாரம் அடிக்கிற எண்ணம் இருந்தால் அதற்குத் தனி நாட்காட்டி. முகாம் இடங்கள் ரிக்ரியேஷன்.கவ் (recreation.gov) தளத்தில் மட்டும் பதிவாகும். தனி இடங்கள் (ஏழு பேர் வரை தங்குபவை) பயண நாளுக்கு 30 நாள் முன்னதாகத்தான் திறக்கும் என்ற முறை இருந்துவருகிறது. உங்கள் ஆண்டுக்கு அதே விதிதானா என்று தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த நாள் காலையில் கணக்கைத் திறந்துவைத்துக் காத்திருங்கள். ஸ்டாக்டன் தீவும் சாண்ட் தீவும்தான் முதலில் போகும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. காரை நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே கூடாரம் அடிக்கிற முகாம் இந்தத் தேசிய ஏரிக்கரைக்குள் எங்குமே கிடையாது. எல்லாம் படகில் போகும் தீவுகளில், இல்லையென்றால் மைல் கணக்கில் நடந்து போகும் காட்டுக்குள். காரோடு முகாம் வேண்டுமென்றால் பேஃபீல்டு நகராட்சியின் முகாம், லிட்டில் சாண்ட் பேயில் உள்ளாட்சி நடத்தும் முகாம், அல்லது மேட்லின் தீவிலுள்ள மாநிலப் பூங்கா என்று வெளியில்தான் தேட வேண்டும். மாநிலப் பூங்காவுக்கு வண்டி நுழைவுச்சீட்டு தனி.

மேட்லின் தீவு பற்றியும் ஒரு வார்த்தை. தீவுக்கூட்டத்திலேயே பெரியது அதுதான், கார் ஏற்றும் ஃபெரியில் 20 நிமிடத்தில் போகலாம். ஆனால் தேசிய ஏரிக்கரையில் அது சேராது. ஃபெரியில் போய்வந்துவிட்டுக் கலங்கரை விளக்கத்தைக் காணோமே என்று கேட்பவர்கள் உண்டு.

4. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

நுழைவுக் கட்டணம் இல்லை, நுழைவு வாயிலும் இல்லை. ஆகவே இதற்காக மட்டும் தேசியப் பூங்கா ஆண்டுப் பாஸ் வாங்க வேண்டாம்.

வெளிநாட்டுக் குடிமக்கள் பாஸ்போர்ட், விசா, ஐ-94 என்ற அமெரிக்க வருகைப் பதிவு ஆகியவற்றை உடன் வைத்திருங்கள். 18 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் தங்கள் பதிவுச் சான்றை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் இது பொருந்தும். கிரீன் கார்டு இருப்பவர்கள் அட்டையையே கொண்டுபோங்கள், நகலை அல்ல. கார் வாடகைக்கு ஓட்டுநர் உரிமமும் உங்கள் பெயரிலேயே கடன் அட்டையும் வேண்டும். இந்திய, இலங்கை உரிமம் என்றால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே எடுத்து வாருங்கள். இங்கே வந்தபின் எடுக்க முடியாது.

முன்பதிவுச் சீட்டுகளைத் தாளில் அச்சிட்டு வையுங்கள். பேஃபீல்டைத் தாண்டினால் பல இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் வராது. வரைபடத்தையும் கிளம்பும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

5. போய்ச் சேர்வது

பக்கத்து விமான நிலையம் மின்னசோட்டாவின் டுலூத். அங்கிருந்து சுமார் 90 மைல், இரண்டு மணி நேரம். மினியாபொலிஸிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல். சிகாகோவிலிருந்து ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்ட வேண்டும். கார் இல்லாமல் சமாளிக்க முடியாது. அந்தி மயங்கிய பின் நெடுஞ்சாலை 13-இல் மான் குறுக்கே வரும். இருட்டுவதற்குள் சேர்வது மாதிரி கிளம்புங்கள்.

விமானத்தில் வருகிறவர்கள் அடுப்பு கேஸ் டப்பாவும் கரடி ஸ்ப்ரேயும் கொண்டுவர முடியாது, பெட்டிக்குள் வைத்தாலும் எடுத்துவிடுவார்கள். டுலூத்திலோ ஆஷ்லண்டிலோ வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்குள் உணவகங்கள் சீக்கிரமே மூடிவிடும், சைவத்துக்குத் தேர்வு குறைவு. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் குறை இல்லை. ஏரியில் பிடிக்கிற வைட்ஃபிஷ்தான் ஊரின் சாப்பாடு.

முதல் நாள் பேஃபீல்டு பார்வையாளர் மையத்துக்குப் போய் ரேஞ்சரிடம் (பூங்கா ஊழியர்) மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தத் தீவின் படகுத்துறை மூடியிருக்கிறது, எந்தத் தீவில் கரடி நடமாட்டம், எந்தக் கலங்கரை விளக்கத்தில் இன்று ஆள் இருக்கிறார்கள். புயலில் துறை உடைந்தால் ஒரு பருவம் முழுக்க மூடிக்கிடக்கும். பழைய கட்டுரைகளை நம்பிக் கிளம்பாதீர்கள்.

6. கப்பல்: எல்லோருக்கும் ஏற்ற வழி

நீச்சல் தெரியாதவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், சின்னக் குழந்தைகளோடு வருகிறவர்கள், இதோடு நிறுத்திக்கொள்ளலாம். குறை ஒன்றும் இல்லை. மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை பேஃபீல்டு துறையிலிருந்து சுற்றுலாக் கப்பல் போகிறது. பெரிய சுற்று சுமார் 55 மைல், மூன்று மணி நேரம்; டெவில்ஸ் தீவின் குகைகளையும் ராஸ்பெர்ரி தீவின் கலங்கரை விளக்கத்தையும் தண்ணீரிலிருந்தே காட்டும். பெரியவர்களுக்குச் சுமார் 50 முதல் 60 டாலர்.

டெவில்ஸ் தீவின் வடமுனை திறந்த ஏரியைப் பார்த்தது. வடக்குக் காற்று வலுத்தால் கப்பல் அங்கே போகாமல் வேறு வழியில் சுற்றிவரும். சீட்டு வாங்கும்போதே இன்றைய வழி எது என்று கேளுங்கள். குகைக்காகவே வந்தவர்கள் சீட்டை மறுநாளுக்கு மாற்ற முடியுமா என்றும் கேட்டு வையுங்கள். இருக்கைக்கு எண் கிடையாது என்பதால் அரை மணி முன்பே வரிசையில் நின்றால் மேல்தளத்தில் ஓரத்து இடம் கிடைக்கும். கரையில் வேர்க்கும், கப்பலில் பல் கிட்டும். ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்று புகாத ஜாக்கெட், காதை மூடும் குல்லாய், ஆகஸ்டிலும் மூன்றும் வேண்டும். வாந்தி மாத்திரை போடுகிறவர்கள் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள்.

7. மேயர்ஸ் பீச்சிலிருந்து நடை

பேஃபீல்டுக்கு மேற்கே 18 மைலில், கார்னுகோபியா ஊருக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலை 13-லிருந்து மேயர்ஸ் சாலை பிரியும். நிறுத்தக் கட்டணம் நாளைக்கு 5 டாலர். வேறு பாஸ் இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். கழிப்பறை உண்டு, குடிநீர் இல்லை. கோடை வார இறுதியில் காலை பத்துக்குள் வண்டி நிறுத்துமிடம் நிரம்பிவிடும்.

காட்டுவழி நடையில் சுமார் 2 மைல் போனால் குகைகளுக்கு மேலே வருவீர்கள். போகவர மூன்று மணி நேரம் வையுங்கள். முதல் பகுதியில் மரப்பலகைப் பாதை, அதன்பின் வேர், சேறு, ஏறி இறங்கும் ஓடைப்பள்ளம். செருப்பு ஆகாது, சேலையும் ஆகாது.

எச்சரிக்கை வேண்டியது குகை மேட்டில். கைப்பிடிச் சுவர் கிடையாது. ஏரி பாறையின் அடியைத்தான் அரித்தெடுக்கிறது, மேற்பரப்பு அப்படியே நிற்கிறது. நீங்கள் உறுதியான தரை என்று நினைத்து நிற்பது ஒரு குகையின் கூரையாக இருக்கும், ஓரத்தில் மண்ணையும் வேரையும் தவிரக் கீழே ஒன்றும் இருக்காது. படம் எடுக்கப் பின்னால் ஓரடி வைக்கிற பழக்கம் உள்ளவர்கள் மரத்தைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். ட்ரோன் பறக்கவிட அனுமதி இல்லை.

8. கயாக்: கேள்வி கேட்டுவிட்டு இறங்குங்கள்

குகைக்குள்ளே போக இதுதான் வழி. மேயர்ஸ் பீச்சிலிருந்து கிழக்கே ஒன்றரை மைல் துடுப்புப் போட்டால் குகைகள் தொடங்கும். முன்பின் கயாக் ஓட்டாதவர்கள் வழிகாட்டியோடு மட்டுமே போங்கள். பயண நீளத்தைப் பொறுத்து ஆளுக்குச் சுமார் 80 முதல் 150 டாலர். அதில் வெட்சூட் (குளிர்நீரில் உடல் வெப்பத்தைக் காக்கும் ரப்பர் உடை), மிதவைச் சட்டை, தண்ணீரில் கவிழ்ந்தால் திரும்ப ஏறும் பயிற்சி எல்லாம் அடக்கமா என்று கேளுங்கள். பயிற்சி இல்லை என்று சொல்லும் இடத்தைத் தவிருங்கள்.

சொந்தமாக, அல்லது வாடகைக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு:

படகு. குறைந்தது 16 அடி நீளக் கடல் கயாக், முன்னும் பின்னும் நீர் புகாத அறைகளோடு, இடுப்பை மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டோடு. பெருங்கடைகளில் விற்கும் 10 அடிக் குளத்துக் கயாக்கில் தடுப்பறை இருக்காது. ஒருமுறை கவிழ்ந்தால் முழுக்க நிரம்பி, தண்ணீரை இறைக்கவே முடியாது. ஊதிப் பெருக்கும் படகும் நின்று தள்ளும் பலகையும் இங்கே வேண்டாம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கரைக்குப் படி இறங்க வேண்டும், ஒரு படகுக்கு இரண்டு பேர் தேவை.

உடை. தண்ணீருக்குத் தக்க உடுத்துங்கள், வெயிலுக்குத் தக்க அல்ல. தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழ் என்றால் வெட்சூட் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி ஆடை, ஜீன்ஸ் கூடாது. குளிர்நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு வாங்கித் திணறும். அடுத்த பத்து நிமிடத்தில் விரல் மடங்காது, படகின் கயிற்றைப் பிடிக்க முடியாது. உடல் வெப்பம் இறங்கி மயக்கம் வர ஒரு மணி நேரம் ஆகும். குளிரில் உறைந்து இறப்பதற்கு முன்பே, மூச்சுத் திணறியும் கை ஓய்ந்தும் மூழ்கிவிடுகிறார்கள். மிதவைச் சட்டையைப் படகில் கட்டிவைக்காமல் போட்டுக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

காற்று. இந்தக் கரை வடமேற்கைப் பார்த்தது. மேற்கு, வடக்கு, வடகிழக்குக் காற்று அலையை நேராகக் குகைக்குள் தள்ளும். மணல் கரையில் அலை உடைந்து ஓய்ந்துவிடும். பாறைச் சுவரில் மோதிய அலை ஓயாமல் திரும்பிவந்து அடுத்த அலையோடு சேரும். கடற்கரையில் ஓரடி உயரமாகத் தெரிந்தது சுவரோரம் இரண்டடியாக, திசை தெரியாமல் மேலும் கீழும் குதிக்கும். படகு கவிழ்வது பெரும்பாலும் அங்கேதான். தெற்குக் காற்று வேறு வகை. கரையோரம் கண்ணாடி மாதிரி இருக்கும், குன்று காற்றை மறைப்பதால். இருநூறடி வெளியே போனதும் காற்று பிடித்து ஏரிக்குள் தள்ளிக்கொண்டு போகும். சுவரை விட்டு விலகாதீர்கள்.

அலை உயரத்தைக் கேமராவோடு காட்டும் 'சீ கேவ்ஸ் வாட்ச்' என்ற இணையதளம் இந்தக் குகைகளுக்கென்றே இருக்கிறது. முந்தின இரவும் காலையும் அதையும், தேசிய வானிலைச் சேவையின் கரையோரக் கடல் முன்னறிவிப்பையும் பாருங்கள். புதியவர்களுக்கு என் வரம்பு: அலை ஓரடிக்கு மேல் என்றால் இறங்க வேண்டாம். பிற்பகலில் ஏறும் என்று சொல்லியிருந்தாலும் வேண்டாம்.

நேரம். காலை ஏழுக்குள் தண்ணீரில் இருங்கள். பகல் ஏறக் காற்று ஏறும். குகைகளை நிதானமாகப் பார்த்துத் திரும்ப நான்கு மணி நேரம். குகை வாசலில் நின்று பத்து அலை எண்ணிவிட்டு உள்ளே போங்கள்; உள்ளே 'டும்' என்று அடிவயிற்றில் கேட்கிற சத்தம் வந்தால் அலை பின்சுவரில் காற்றை அடைத்து மோதுகிறது என்று பொருள், உள்ளே இடம் போதாது. மேலே மடிப்பு மடிப்பாகத் தொங்கும் மணற்பாறையின் கீழ் நின்று சிற்றுண்டி சாப்பிட வேண்டாம். கல் விழும்.

கைப்பேசியை மட்டும் நம்பாமல் நீர்புகா வி.எச்.எஃப் கைவானொலி ஒன்று வாடகைக்கு எடுங்கள். ஆபத்துக்கு 16-ஆம் அலைவரிசை. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதி, கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

9. கலங்கரை விளக்கங்கள்

ஒரே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் ராஸ்பெர்ரி. கோடையில் ஆள் இருந்து உள்ளே காட்டுகிற வாய்ப்பு அங்கேதான் அதிகம். நடக்கத் தயார் என்றால் சாண்ட் தீவு: கிழக்கு விரிகுடாத் துறையிலிருந்து சுமார் 2 மைல் காட்டுவழி, முடிவில் பழுப்பு மணற்கல்லில் கட்டிய, தேவாலயம் போன்ற சின்ன வீடு. டெவில்ஸ் தீவில் தென்துறையிலிருந்து ஒரு மைல். மிச்சிகன் தீவில் ஒரே இடத்தில் இரண்டு கோபுரம், ஆனால் துறையிலிருந்து நெடும்படி ஏற வேண்டும். அவுட்டர் தீவு வெகுதூரம். முதல் பயணத்தில் விட்டுவிடலாம்.

கப்பல் போகாத தீவுகளுக்கு வாடகைப் படகு வேண்டும். அதைத் தனியாளாக எடுத்தால் கட்டுப்படியாகாது, ஆறு பேர் சேருங்கள். கலங்கரை விளக்கங்களை வெளியிலிருந்து எப்போதும் பார்க்கலாம். உள்ளே ஏற ஆள் இருந்தால்தான். 'கல்' (Gull) தீவு, அதாவது ஆங்கிலத்தில் நீர்ப்பறவையின் பெயர் கொண்ட தீவும், ஈகிள் தீவும் பறவைகள் கூடுகட்டும் இடம். மே 15 முதல் செப்டம்பர் 1 வரை 500 அடிக்குள் படகு போகக் கூடாது.

10. தீவில் இரவு

தனி இடத்தில் ஏழு பேர் வரை, இரவுக்கு 15 டாலர், முன்பதிவுச் சேவைக் கட்டணம் தனி. காற்றால் தீவுக்குப் போக முடியாமல் போனால் அந்தச் சேவைக் கட்டணம் திரும்பாது. உணவு ஒரு நாளுக்குக் கூடுதலாக எடுங்கள். திரும்பும் நாளில் அலை இருந்தால் அங்கேயே இருந்துவிட வேண்டும். ஏரித் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் கொதிக்கவைத்தோ வடிகட்டியோ குடியுங்கள்.

ஸ்டாக்டன் தீவில் கருங்கரடி உண்டு. சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, எண்ணெய், சாம்பார்பொடி டப்பா வரை, வாசம் உள்ள எதுவும் முகாமில் வைத்திருக்கும் இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும். கூடாரத்துக்குள் முறுக்குப் பொட்டலம் வேண்டாம். வெளியிலிருந்து விறகு கொண்டுபோகக் கூடாது, மரத்தைத் தின்னும் பூச்சி பரவும் என்பதால். காட்டைவிட்டு வெளியே வந்ததும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்புறம் பாருங்கள்.

11. செலவு

இரண்டு பேர், மூன்று பகல், இரண்டு இரவு: கப்பல் 110, வழிகாட்டியோடு கயாக் 160 முதல் 300, வண்டி நிறுத்தம் 10 டாலர். கோடை வார இறுதி அறை இரவுக்கு 150-இல் தொடங்கி 250 தாண்டும். அதற்கு மேல் கார், பெட்ரோல், சாப்பாடு. மிச்சம் பிடிக்க நினைத்தால் வார நாளில் வந்து ஆஷ்லண்டில் தங்குங்கள்; வெட்சூட் வாடகையில் பிடிக்க வேண்டாம்.

12. பனிக்குகை பார்க்கவா?

குளிர்காலத்தில் ஏரி உறைந்தால் மேயர்ஸ் பீச்சிலிருந்து பனிமேல் நடந்தே குகைக்குப் போகலாம். 2014-இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் நடந்தார்கள். 2015-இல் சில நாட்களே திறந்தார்கள். அதற்குப் பின் பல ஆண்டுகள் திறக்கவே இல்லை. ஆகவே பனிக்குகைக்கென்று விமான டிக்கெட் எடுக்காதீர்கள். பூங்கா அறிவித்தால் மட்டும், அதுவும் காரில் வந்துசேரும் தூரத்தில் இருந்தால் கிளம்புங்கள். கரையோரம் பனி கெட்டியாக இருக்கிறதே என்று பார்த்துவிட்டு அறிவிப்பு இல்லாமல் இறங்க வேண்டாம். தெற்குக் காற்று ஒன்று அடித்தால் மொத்தப் பனித்தகடும் கரையைவிட்டுப் பிரிந்து உள்ளே போய்விடும், நீங்கள் அதன் மேல் நிற்பீர்கள்.